மறுபடியும் மூன்றாம் சிம்பொனியா, ஆளை விடுங்கள்!

பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் மூன்றாம் சிம்பொனிக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. அருமையான இசை. 1886 மே மாதம் லண்டனில் அவரே நடத்தி அரங்கேற்றினார், இரண்டே மாதத்தில் இசையமைப்பாளர் லிஸ்ட் காலமாக, அச்சில் வந்தபோது லிஸ்ட்டின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். எல்லாம் சரி. ஆனால் அதே சிம்பொனியை இன்னும் எத்தனை தடவை காசு கொடுத்து வாங்குவது? இத்தனைக்கும் நான் அதைத் தேடிப் போவதே இல்லை. நான் தேடுவது வேறு. தேடியதோடு ஒட்டிக்கொண்டு அதுவாக வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நான் சேர்ப்பது ரொமான்டிக் காலத்தில், அதாவது ஏறக்குறைய பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆர்கனுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதப்பட்டவற்றின் ஒலிப்பதிவுகள். ஆர்கன் என்றால் மேடையில் ஸ்டாண்டு போட்டு வைக்கும் கீபோர்டு இல்லை, சர்ச் சுவரையே மறைத்துக்கொண்டு குழாய்குழாயாக நிற்குமே, அது. யோசித்துப் பார்த்தால் சேகரிப்பவனுக்கு இதைவிட வசதியான துறை கிடையாது, ஏனென்றால் சரக்கே கொஞ்சம்தான். மெண்டெல்சோன், ஷூமன், லிஸ்ட், பிராம்ஸ் நால்வரும் ஆர்கனுக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஆர்கன் முன்னால் நின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கன்செர்ட்டோவை ஒருவர்கூட எழுதவில்லை. மிச்சம் இருப்பது கில்மானின் இரண்டு சிம்பொனிகள், ரைன்பெர்கரின் இரண்டு கன்செர்ட்டோக்கள், விதோரின் சில படைப்புகள், இத்தாலியின் போஸி எழுதிய ஒரு கன்செர்ட்டோ, அமெரிக்காவில் ஹொரேஷியோ பார்க்கர் 1902இல் எழுதிய ஒன்று, பொயெல்மான், துய்போவா இவர்களின் சின்னச் சின்னப் படைப்புகள். ஆளுக்கு இரண்டு மூன்று நல்ல பதிவுகள் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரே ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிட வேண்டும். என் வீட்டில் தட்டு நிரம்பி வழிகிறது, நிரம்பியிருப்பது முக்கால்வாசி சேன்-சான்ஸ்.

காரணம் எளிது. எந்த நிறுவனமும் கில்மானைத் தனியாக விற்கத் துணிவதில்லை. சிம்பொனி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சிடியில் பாதிக்கு மேல் காலி. அந்த இடத்தை நிரப்ப ரைன்பெர்கரைப் போடலாம் அல்லவா? மாட்டார்கள். விற்கிற சரக்கைத்தான் போடுவார்கள். அதாவது சேன்-சான்ஸ், இன்னும் இடம் இருந்தால் பூலாங்க் 1938இல் எழுதிய ஜி மைனர் கன்செர்ட்டோ. ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமானால் டீத்தூள் பாக்கெட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தலையில் கட்டுவார்களே, அதே கதை. இத்தனைக்கும் அந்த ‘ஆர்கன் சிம்பொனி’யில் ஆர்கன் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முப்பத்தைந்து நிமிடப் படைப்பில் மெதுவாகப் போகும் ஒரு பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் ஆர்கன்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆர்கன் ஆரம்பம் முதல் கடைசிவரை ஆர்கெஸ்ட்ராவோடு மல்லுக்கு நிற்கிற கில்மானுக்கு அட்டையில் பொடி எழுத்து, இதற்குக் கொட்டை எழுத்து.

சரி, கில்மானை மட்டுமாவது தேடி எடுப்போம் என்று உட்கார்ந்தால் அடுத்த தலைவலி. அவருடைய முதல் ஆர்கன் சோனாட்டா 1874இல் வந்தது, ஓபஸ் 42, அதாவது படைப்பு வரிசையில் 42ஆம் எண். அதையே அவர் ஆர்கெஸ்ட்ராவும் சேர்த்து விரித்து எழுதியதுதான் முதல் சிம்பொனி, பாரிஸ் த்ரோகதேரோ அரங்கில் 1878இல் வாசிக்கப்பட்டது. அதற்கும் ஓபஸ் 42! அடிப்படைச் சுரவரிசைகூட அதே டி மைனர். ‘கில்மான் ஓபஸ் 42’ என்று தேடினால் வண்டி வண்டியாகத் தனி ஆர்கன் சோனாட்டாதான் வந்து கொட்டும். இது போதாதென்று விதோரின் ஐந்தாவது முதல் எட்டாவது வரையான தனி ஆர்கன் சிம்பொனிகளுக்கும் ஓபஸ் 42. அவர் தன் ஆறாவதின் முதல், கடைசிப் பகுதிகளையும் இரண்டாவதின் மெதுவான பகுதியையும் எடுத்து 1882இல் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்துக் கட்டிய ஜி மைனர் சிம்பொனிக்கு ஓபஸ் 42 பிஸ். அந்த ‘பிஸ்’ என்ற ஒட்டை எந்த விற்பனைத் தளமும் மதிப்பதில்லை, கழற்றி எறிந்துவிட்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிற அந்த ஐந்தாம் சிம்பொனி டொக்காட்டாவை நம் முன்னால் நீட்டுகிறார்கள்.

விதோரின் மூன்றாவது இன்னும் மோசம். தனி ஆர்கனுக்கான மூன்றாம் சிம்பொனி ஒன்று உண்டு, ஈ மைனர். 1894இல் ஜெனீவாவின் விக்டோரியா ஹாலுக்காக ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்த்து எழுதிய மூன்றாம் சிம்பொனி ஒன்று உண்டு, அதுவும் ஈ மைனர். ஓபஸ் எண் போடாமல் ‘விதோர், சிம்பொனி 3’ என்று மட்டும் எழுதி விற்கிறவர்களை என்ன செய்வது சொல்லுங்கள். படம் அனுப்புங்கள், பின்னட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் ‘ஸீல் பிரிக்காத சரக்கு, விவரமெல்லாம் சரியாக இருக்கும்’ என்று பதில் வருகிறது. பிரித்தால் தனி ஆர்கன். திருப்பி அனுப்பக் கப்பல் கட்டணம் யார் தலையில்? என் தலையில்தான்.

இலவசமாகக் கேட்கும் செயலிகள் இருக்கும்போது எதற்கு இந்தச் சிடியும் எல்பியும் என்று சிரிக்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நானும் கேட்கிறேன். ஆனால் இந்த இசைக்கு முதல் கேள்வியே எந்த ஊர், எந்த ஆர்கன் என்பதுதான். வயலின் எங்கே போனாலும் வயலின்தான். ஆர்கன் அப்படி இல்லை, கவாயே-கோல் பிரான்சில் கட்டிய ஆர்கனுக்கும் ஒரு ஜெர்மன் ஆர்கனுக்கும் குரலே வேறு, கில்மானும் விதோரும் எழுதியது கவாயே-கோலின் குழாய்களை மனதில் வைத்துத்தான். செயலியில் என்ன போடுகிறார்கள்? நடத்துநர் பெயர், ஆர்கெஸ்ட்ரா பெயர், அட்டைப்படமாக ஒரு சூரிய அஸ்தமனம். வாசித்தவர் பெயரே பல நேரம் கிடையாது, ஆர்கனின் பெயரை எங்கே போய்க் கேட்பது? சில பதிவுகளில் கேட்பது குழாய் ஆர்கனா, அரங்கில் ஆர்கன் இல்லாததால் கொண்டுவந்து வைத்த மின்னணுப் பெட்டியா என்றுகூடச் சொல்வதில்லை. அப்புறம் இடைவெளி. சேன்-சான்ஸ் அந்தச் சிம்பொனியை நான்கு பகுதிகளை இரண்டிரண்டாக ஒட்டித்தான் எழுதினார், நடுவில் மூச்சு விடாமல் போக வேண்டும். செயலி ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு விக்கல் விக்கும். கடைசிப் பகுதியில் ஆர்கன் சி மேஜரில் இறங்குகிறதே, அதற்கு முன்னால் விளம்பரம் வந்து தொலைந்த நாளும் உண்டு.

ஒட்டுவேலைப் பதிவுகளைப் பற்றிப் பேசினால்தான் எனக்கு உண்மையில் சூடேறும். நடத்துநர் பேரன்பாய்ம் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு செய்த சேன்-சான்ஸ் பதிவு தெரியுமா? ஆர்கெஸ்ட்ரா வாசித்தது சிகாகோவில். ஆர்கனை காஸ்தோன் லித்தேஸ் வாசித்தது பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில். நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல்! இரண்டையும் பிறகு ஒலிநாடாவில் ஒட்டினார்கள். கராயனும் அதே வழிதான்: பெர்லின் ஃபில்ஹார்மோனிக் பெர்லினில், பியேர் கோஷெரோ பாரிஸ் நோத்ர்-தாமில். விற்பனை அமோகம், புகழாரம் அமோகம், பேரன்பாய்மின் பதிவு இன்றுவரை ‘முதலில் வாங்க வேண்டியது’ என்று சிபாரிசாகிறது. எனக்கோ கராயனுடையதில் ஆர்கன் நுழையும்போதெல்லாம் ஆர்கெஸ்ட்ரா ஒரு ஊரிலும் ஆர்கன் இன்னொரு ஊரிலும் இருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது, ஏதோ சுவரை இடித்துக்கொண்டு வேறு கட்டடத்தின் காற்று உள்ளே வந்த மாதிரி. சேன்-சான்ஸ் அந்த மெதுவான பகுதியில் ஆர்கனை எப்படிக் கொண்டுவருகிறார்? வயலின்களுக்கு அடியில், காதில் விழுகிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு. 1959இல் ஷார்ல் மூன்ச் பாஸ்டன் சிம்பொனி ஹாலில் அங்கேயே இருந்த ஆர்கனை பெர்ஜ் ஸம்கோசியன் வாசிக்கப் பதிவு செய்தார், 1957இல் பால் பாரே டெட்ராய்ட்டில் மார்செல் துப்ரேயை வைத்துப் பதிவு செய்தார். மைக்கும் ஒலிநாடாவும் அந்தக் காலத்தவைதான், ஆனாலும் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் கிடைத்த நெருக்கம் அவற்றில் இருக்கிறது.

ஒரே கூரைக்குக் கீழே பதிவதும் லேசான வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆர்கெஸ்ட்ராவும் ஆர்கனும் பேரரசரும் போப்பும் மாதிரி, ஒத்துப்போகாது என்று இசையமைப்பாளர் பெர்லியோஸ் அப்போதே சொல்லிவிட்டார். முதல் சண்டை சுருதியில். பிரான்சு 1859இல் சட்டம் போட்டு ‘ஏ’ சுரத்தை 435 ஹெர்ட்ஸ் என்று நிறுத்தியது, இன்றைய ஆர்கெஸ்ட்ராக்கள் 440, சில இடங்களில் 443. பழைய ஆர்கனை அப்படியே வைத்திருந்தால் ஆர்கெஸ்ட்ராதான் இறங்கி வர வேண்டும். கூடம் சூடானால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறும், நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு அசையாது, ஆக ஆர்கன் தனக்குள்ளேயே சண்டை போட ஆரம்பிக்கும். வாசிப்பவர் நடத்துநரிடமிருந்து முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி போய்ச் சேரவே கிட்டத்தட்ட பத்தில் ஒரு நொடி ஆகிவிடும். பேராலயமாக இருந்தால் எதிரொலி வேறு. செலவும் சிரமமும் இருக்கிறது, புரிகிறது. ஆனால் அத்தனை சிரமமும் பட்டு, அத்தனை பேரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, விளக்கு எல்லாம் போட்ட பிறகு மறுபடியும் அதே மூன்றாம் சிம்பொனியைப் பதிவு செய்கிறீர்களே, அதுதான் வயிறு எரிகிறது. வந்தவர்களை இன்னும் ஒரு நாள் நிறுத்தி போஸியைப் பதிந்திருக்கக் கூடாதா?

பழைய எல்பி வாங்கலாம் என்றால் அங்கேயும் இயற்பியல் நம் பக்கம் இல்லை. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும், உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் வந்தால் இருபதுக்குச் சற்று மேலே. அதே ஒலி குறுகின இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும், கரகரப்பு வரும். சேன்-சான்ஸில் மொத்தச் சத்தமும் எங்கே இருக்கிறது? இரண்டாம் பக்கத்தின் கடைசியில். ஆர்கனின் அடிமட்டமோ, முப்பத்திரண்டு அடிக் குழாயின் தாழ்ந்த சுரம் 16 ஹெர்ட்ஸ், காதில் விழுவதைவிட நெஞ்சில் அதிர்வதுதான் அதிகம், எல்பி வெட்டும்போதே அதைப் பாதி வடிகட்டிவிடுவார்கள். இதையெல்லாம் தெரிந்துதான் வாங்குகிறேன். தெரிந்திருந்தும் கோபம் வருவது விற்கிறவர்களின் தரச்சான்றால். ‘புதுசு மாதிரி’ என்று எழுதியிருப்பார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததும் ஊசியை வைத்தால் அந்த மெதுவான பகுதி முழுக்கப் பொரிகடலை வறுபடும். கேட்டால், ‘எங்கள் பிளேயரில் நன்றாகத்தான் ஓடியது.’ தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்தால் தட்டின் விலையைத் தாண்டிவிட்டது, அதற்கும் மேலே கீறல் இனாம்.

கில்மான் இரண்டாவது சிம்பொனியும் எழுதினார், ஓபஸ் 91, தன் எட்டாவது சோனாட்டாவிலிருந்து. பேச ஆள் இல்லை. பெல்ஜிய இசையமைப்பாளர் யோங்கன் 1926இல் பிலடெல்பியாவின் வானமேக்கர் கடைக்காக ஒரு சிம்பொனி கன்செர்டான்ட் எழுதினார், 28,000க்கும் மேற்பட்ட குழாய்கள் உள்ள ஆர்கன் அங்கே, 2025 வரை கடையாக இருந்த கட்டடத்தின் கூடத்தில் நிற்கிறது. அரங்கேற்றம் 1928இல் பிரஸ்ஸெல்ஸில் நடந்தது, எந்த இடத்துக்காக எழுதப்பட்டதோ அங்கே அது ஒலிக்க 2008 ஆக வேண்டியிருந்தது. ரொமான்டிக் காலம் தாண்டி எழுதினாலும் மனசு அங்கேயே இருந்த ஆள், அதனால் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். அதற்காவது பரவாயில்லாத பதிவுகள் கிடைக்கின்றன. ரைன்பெர்கருக்கு? லிக்டன்ஸ்டைனின் வடூஸ் ஊரில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்து முடித்த அந்த மனிதர் எஃப் மேஜர் கன்செர்ட்டோவில் வயலின் குடும்பத்தோடு மூன்று ஹார்ன்களை மட்டும் வைத்து என்ன காரியம் செய்திருக்கிறார் தெரியுமா? டிரம்பெட் இல்லை, முரசு இல்லை, கூச்சல் இல்லை. ஹார்ன் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்றே பிரிக்க முடியாத இடங்கள் உண்டு. இதற்கு முழு ஆர்கெஸ்ட்ராகூடத் தேவையில்லை, சம்பளம் குறைவு, கூடம் சின்னதாக இருந்தாலும் போதும். கணக்குப் பார்க்கிற நிறுவனங்கள் முதலில் எடுக்க வேண்டியதே இதைத்தான். எடுப்பதில்லை. எடுத்த பழைய பதிவுகளையும் அச்சில் வைப்பதில்லை, அச்சில் இல்லாததால் பழைய பிரதிக்கு யானை விலை சொல்கிறார்கள்.

ஈ. பவர் பிக்ஸ் வாசித்து மாரிஸ் பெரெஸ் நடத்திய ரைன்பெர்கர் எல்பி, இரண்டு கன்செர்ட்டோவும் இருப்பது, கீறல் இல்லாமல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பின்னட்டையின் படத்தையும் அனுப்புங்கள். பணமாக வேண்டுமென்றால் பேசிக்கொள்ளலாம். மாற்றாக வேண்டுமென்றால் சேன்-சான்ஸ் மூன்றாவது தருகிறேன், எத்தனை பிரதி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.