அம்மாவின் பல் பதிந்த பக்கற்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை கோண்டாவிலில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனபோது, சமையலறை மேசையில் ஒரு பக்கற் கிடந்தது. வயிற்றோட்டம் வந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கின்ற உப்புப் பக்கற் அது. ஒரு மூலை முழுவதும் நசுங்கி, வெள்ளி நிறம் சுருங்கி வெளிறி, மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பல் தடங்கள் அதில் பதிந்திருந்தன. பக்கற் மட்டும் திறபடவே இல்லை. உள்ளே இருந்த தூள் ஒரு மணிகூடச் சிந்தாமல் அப்படியே இருந்தது.

"கிழிக்கப் பாத்தன் பிள்ளை, ஏலாமப் போச்சு. பல்லாலையும் கடிச்சுப் பாத்தன். கரண்டும் இல்லை, கத்தரிக்கோல் எங்கை கிடக்கெண்டும் தெரியேல்லை. பிறகு பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திட்டன்" என்று அம்மா சொன்னார். அம்மாவுக்கு 76 வயது. பல வருடங்களாக முடக்குவாதம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்காது. பற்களோ கட்டிய பற்கள். இரவில் நாலைந்து தரம் வயிற்றாலே போன ஒரு மனுஷி, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்க முடியாமல் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்திருக்கிறார். நான் அங்கே போனபோது நாக்கு வறண்டு, கண் குழிவிழுந்து இருந்தார். அன்று மாலை சேலைன் ஏற்றிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கற்றின் ஓரத்தில் 'இங்கே கிழிக்கவும்' என்பதைக் காட்டும் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கிறது. அந்த அம்புக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்தத் தூளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் இன்னும் நன்றாக விளங்கும். 1971இல் வங்கதேசப் போரின்போது, இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் இருந்த பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மகாலநோபிஸ் உப்பையும் குளுக்கோசையும் நிறுத்து, பொலித்தீன் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, முகாமுக்கு அனுப்பி, நோயாளிகளின் உறவினர்களின் கையாலேயே கரைத்துக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை நான்குக்கும் கீழே இறங்கியது. தாதியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், வீட்டிலுள்ள ஒருவர் தண்ணீரில் கலக்கினால் போதும் என்பதுதான் அந்த மருந்தின் முழு உயிர். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20.5 கிராம் என்று அளந்து, உலகெங்கும் அனுப்பும் அளவுக்கு அதை எளிமையாக்கியிருக்கிறார்கள். அவ்வளவையும் செய்துவிட்டு, கடைசியில் அந்த உறையின் வாயை ஒரு கிழவியின் விரலுக்கு அடங்காதபடி பூட்டி வைத்தால், மகாலநோபிஸ் செய்த வேலைக்கு என்ன மதிப்பு?

ஏன் கிழிவதில்லை என்பது எவருக்கும் விளங்காத மர்மம் இல்லை. அந்த உறை ஒரே தாள்போலத் தெரிந்தாலும் பல படைகளால் ஆனது. வெளியே அச்சடிப்பதற்குப் பொலியெஸ்ரர் படலம். நடுவே ஈரமும் வெளிச்சமும் காற்றும் போகாதபடி மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே சூட்டில் உருகி ஒட்டிக்கொள்வதற்குப் பொலித்தீன். குளுக்கோஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், எங்கள் ஊர் மாரியில் இந்த அலுமினியம் இல்லாவிட்டால் தூள் சில நாளில் கட்டியாகிவிடும். ஆகவே உறை தேவையானதுதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பொலியெஸ்ரர் படலத்தைச் செய்யும்போதே அதை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து விறைப்பாக்குகிறார்கள். அப்படி இழுத்த படலத்தின் ஓரம் வழுவழுப்பாக இருக்கும்வரை எவ்வளவு பலம் கொடுத்தாலும் கிழிசல் தொடங்காது. ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டால், கொடுக்கும் பலமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் குவிந்து, சின்னப் பிள்ளை இழுத்தாலும் சர்ரென்று கிழிந்துபோகும். உள்ளேயிருக்கும் பொலித்தீன் மட்டும் கிழிவதற்குப் பதிலாக இறப்பர்போல இழுபடும். எனவே எல்லாமே அந்தச் சிறு வெட்டில்தான் தங்கியிருக்கிறது. அம்மாவின் பக்கற்றில் நான் அதைத் தேடிப் பார்த்தேன். அம்புக்குறி ஓரிடத்தில் இருக்க, வெட்டு அதற்கு ஒரு விரற்கடை கீழே, தடிப்பாக ஒட்டிய ஓரத்தில், தலைமயிர் அளவில் பட்டும் படாமலும் விழுந்திருந்தது. இயந்திரத்தின் பிளேட் மழுங்கியிருக்க வேண்டும், அல்லது படலம் ஓடும்போது விலகியிருக்க வேண்டும். உறையை ஒட்டி அடைக்கும் இயந்திரத் தாடைகளின் சூட்டைப் பாகை பாகையாகச் சரிபார்க்கிறவர்கள் அந்தப் பிளேட்டைச் சரிபார்க்கவில்லை.

இதுதான் என் குற்றச்சாட்டு. மூடுவதற்கு எத்தனை கண்டுபிடிப்பு, எத்தனை சோதனை! லொறியில் குலுங்கினால் உடையுமா, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நசுங்குமா, ஈரம் புகுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். கடைசியில் அதைத் திறக்கப்போகிற கையை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

இந்தக் கண்மூடித்தனத்துக்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பிரான்சில் நிக்கொலா அப்பேர் கண்ணாடிப் போத்தலில் உணவை அடைத்துக் கொதிக்கவைத்துக் கெடாமற் காக்கும் முறையைக் கண்டார். 1810இல் இங்கிலாந்தில் பீற்றர் டியூரன்ட் தகரப் பேணிக்குக் காப்புரிமை பெற்றார். சில வருடங்களுக்குள் பேணியில் அடைத்த இறைச்சி பிரித்தானியப் படையினருக்குப் போகத் தொடங்கியது. அதைத் திறப்பதற்குச் சொல்லப்பட்ட வழி, உளியையும் சுத்தியலையும் எடுத்து மேல்விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள் என்பதுதான். பேணியை வெட்டுவதற்கென்று ஒரு கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வோணர் காப்புரிமை பெற்றது 1858இல். அடைக்கும் வழி வந்து திறக்கும் வழி வருவதற்கு இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு! வளையத்தை இழுத்தால் திறபடும் மூடியை ஓகையோவில் ஏர்மல் பிரேஸ் செய்ய இன்னுமொரு நூறு வருடம் எடுத்தது. அவர்கூட ஒரு சுற்றுலாவுக்குத் திறப்பான் கொண்டுபோக மறந்து, காரின் பம்பரில் வைத்துப் பேணியைத் திறக்க வேண்டி வந்ததால்தான் 1959இல் அதைப் பற்றி யோசித்தார். எங்கள் வீட்டில் அப்பா மீன்ரின்னைத் திறக்க, மாட்டுச் சாணம் வழிக்கும் தகட்டின் கூர்முனையை மூடியில் வைத்துக் குழவிக்கல்லால் தட்டுவார். அவருடைய இடது உள்ளங்கையில் அரை வட்டமாக ஒரு தழும்பு, சாகும்வரை இருந்தது.

குளிசைகளின் கதை இன்னும் மோசம். அம்மாவுக்கு நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூட்டு நோவுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்பது குளிசை. அவற்றில் மூன்று, இருபுறமும் அலுமினியமாக இருக்கும் தடித்த அட்டையில் வருகின்றன. பெருவிரலால் அமுக்கினால் பிதுங்கி வரவேண்டும் என்பது கணக்கு. அம்மாவின் பெருவிரலுக்கு அந்தப் பலம் இல்லை. அவர் கத்தி முனையால் குத்துகிறார். குளிசை இரண்டாக உடைந்து, பாதி அடுப்புக்குக் கீழே உருள்கிறது. அந்தப் பாதியைக் குனிந்து தேட அவரால் முடியாது. அன்றைக்கு அரைக் குளிசைதான். மருந்துக்கடையில் பத்துக் குளிசை அட்டையில் ஐந்தை வெட்டித் தருவார்கள்; காலாவதித் திகதி அச்சிட்ட பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். பக்கற்றுகளிலும் இதே கூத்து: திகதியை எங்கே அச்சிடுகிறார்கள் என்று பாருங்கள், சரியாகக் கிழித்து எறியும் ஓரத்தில்! பால்மாவின் வாயைக் கத்தரித்த அடுத்த நிமிடம், அது எப்போதுவரை நல்லது என்பதை அறிய வழியில்லை.

அந்தப் பால்மாப் பக்கற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேல் ஓரத்தை இழுத்தால் திறபடாது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஒரேயடியாக அடிவரை பிளந்து, விலைக்கு விலை வாங்கிய மா தரையெல்லாம் கொட்டும். அன்றைய தேநீர்ப் பாலுக்குக் கொட்டிய மாவை அள்ளி அரித்தெடுத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே பல உண்டு.

இதைப் பற்றி ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பக்கற்றின் பின்பக்கம் இருந்த இலக்கத்துக்குத்தான். மறுமுனையில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். "கத்தரிக்கோலால் வெட்டுங்கோ அம்மா" என்றார். பாதுகாப்புக்காகத்தான் இறுக்கமாக மூடுகிறோம் என்றும் சொன்னார். பாதுகாப்பின் அருமை எனக்குத் தெரியும். 1982இல் சிக்காகோவில், கடையில் இருந்த நோவுக் குளிசைப் போத்தல்களில் எவரோ சயனைட் கலந்து ஏழு பேர் செத்த பிறகுதான், எவரும் முன்பே திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மூடிகளும் முத்திரைகளும் கட்டாயமாயின. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒட்டின் வலிமை வேறு, கிழிக்கத் தொடங்கும் வெட்டு வேறு. ஒட்டு இரும்பாக இருக்கட்டும்; வெட்டு விழவேண்டிய இடத்தில் விழட்டும். ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டிய தேவை எங்கே வந்தது?

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று எவரும் சொல்ல வேண்டாம். கனடாவில் வின்ட்சர் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹென்றி பிரோ, மருந்தை விழுங்கிய குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல் நின்று, 1967இல் உள்ளங்கையால் அமுக்கித் திருப்பும் மூடியைக் கொண்டுவந்தார். அத்தகைய மூடிகளை முதியோரால் திறக்க முடியவில்லை என்று தெரிந்ததும், அமெரிக்காவில் 1995இல் விதியையே மாற்றினார்கள்: 50 முதல் 70 வயதுவரையான ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது திறக்க வேண்டும். குழந்தைக்கு அடங்காமலும் முதியவருக்கு அடங்கியும் ஒரு மூடியைச் செய்ய முடிந்தது. ஜப்பானில் காவோ நிறுவனம் 1991இலிருந்து ஷாம்பூப் போத்தலின் பக்கவாட்டில் மேடான கோடுகளை இட்டது, பார்வையற்றவர் தடவியே அறிந்துகொள்வதற்காக. அங்கே சில சோஸ் பக்கற்றுகளின் ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகள் இருக்கும். எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் கிழியும். எளிதாகத் திறப்பதற்கென்றே 2015இல் ஐஎஸ்ஓ 17480 என்ற சர்வதேச நியமம் வந்துவிட்டது.

எங்கள் நாட்டிலும் உறைகளைப் பற்றிச் சட்டம் போடத் தெரியாமல் இல்லை. 2017இல் சோற்றுப் பொதி சுற்றும் லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் உணவுப் பெட்டியையும் தடை செய்தார்கள். 2021 மார்ச் 31இலிருந்து, உணவும் மருந்தும் தவிர்ந்த 20 கிராமுக்கு உட்பட்ட சஷே எனும் சிறு பக்கற்றுகளைத் தடை செய்தார்கள். மண்ணுக்காகச் சட்டம் போட்டது நல்ல காரியம். அதே கையால், மருந்துப் பக்கற்றை விற்பனைக்கு விடுமுன் எழுபது வயதுக்காரர் இருபது பேரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்று ஒரு வரி எழுத முடியாதா? யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் தாய் தகப்பன்மார் எத்தனை பேர்! அந்த வீடுகளில் கிழித்துத் தர இன்னொரு கை இல்லை.

பனங்கட்டிக் குட்டானை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் பாகை, குருத்தோலையில் இழைத்த அந்தச் சின்னஞ்சிறு பெட்டிக்குள் ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஓலையை விரலால் விலக்கினால் கட்டி கையில் வந்துவிடும். அம்மா இன்றைக்கும் ஒருவர் உதவியும் இல்லாமல் திறக்கும் ஒரே பொருள் அதுதான். ஓலைக்குள் உப்பு மருந்தை அடைக்கச் சொல்லவில்லை, அது ஈரத்தைத் தடுக்காது. இழைத்த பெண்ணுக்குத் திறக்கப்போகிறவளின் விரல் தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் படித்தவள் நான். ஒரு வெறும் போத்தலின் அருமை எங்களுக்குத் தெரியும்.

இப்போது அம்மா அதே மாதிரி ஒரு ஜாம் போத்தலைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஒரு கிழமைக்கான குளிசைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதற்குள் போடவேண்டும் என்கிறார். ஈரம் படாமல் இருக்கவென்று பல படைகளில் செய்த உறையை உடைத்து, பெயரும் திகதியும் இல்லாமல், ஒன்பது வகைக் குளிசைகளையும் ஒரே போத்தலில் கலந்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். நான் மறுத்துவிட்டேன். காலையும் மாலையும் நானே சைக்கிளில் போய் உடைத்துக் கொடுக்கிறேன். கத்தரிக்கோலைச் சமையலறை யன்னல் கம்பியில் ஒரு கயிற்றால் கட்டிவிட்டிருக்கிறேன். இருட்டிலும் கை போய் எடுக்கட்டும் என்று.

அந்தப் பல் பதிந்த பக்கற்றை நான் எறியவில்லை. மூன்று பக்கக் கடிதம் ஒன்றுடன் சேர்த்து, உற்பத்தி செய்த நிறுவனத்தின் முகவரிக்குச் சென்ற திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருந்த தூளை எடுக்கவில்லை. அவர்களே முதலில் கையால் கிழித்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதட்டும் என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறேன்.