'மனம்' என்று பெயரிடப்பட்ட நூல்

கொரியாவின் ஜோசோன் அரசவையில் பணியாற்றிய கன்பூசிய அறிஞர் ஜோங் யாக்-யோங்கை (1762–1836) அறிமுகப்படுத்துவோர் பலரும், 1796இல் கட்டி முடிக்கப்பட்ட சுவோன் கோட்டைக்காக அவர் கப்பிகளைக் கொண்டு வடிவமைத்த பாரந்தூக்கியிலிருந்தே தொடங்குகிறார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால், தாசான் என்னும் புனைபெயரால் அறியப்படும் அம்மனிதர் மீது எனக்குள்ள மதிப்பு, அவருடைய நூல் ஒன்றின் தலைப்பிலிருந்து வருகிறது.

1797இல் கோக்சான் பகுதியின் ஆட்சியாளராக அவர் சென்றபோது, முந்தைய ஆட்சியாளரின் அநியாய வரிவசூலை எதிர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேரைத் திரட்டியதற்காகத் தேடப்பட்டு வந்த யி கியே-சிம் என்பவர், மக்களின் குறைகளை எழுதிய மனுவோடு வழியிலேயே அவர்முன் வந்து நின்றார். உடன் வந்தவர்கள் அவரைக் கட்டி இழுத்துச்செல்ல வேண்டும் என்றார்கள். தாசானோ, இப்படிப்பட்டவனை அரசு ஆயிரம் பொன் கொடுத்தாவது பெறவேண்டும் என்று சொல்லி அவரை விடுவித்தார். அதிகாரம் கையிலிருந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1800இல் அவரை ஆதரித்த அரசர் ஜோங்ஜோ மறைந்தார். மறு ஆண்டு கத்தோலிக்கர்கள் மீது நடந்த அடக்குமுறையில் அண்ணன் ஜோங் யாக்-ஜோங் கொல்லப்பட, தாசான் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டு, நாட்டின் தென்கோடியிலுள்ள காங்ஜினில் சாராயக்கடை நடத்திய மூதாட்டி ஒருவர் கொடுத்த பின்னறையில் ஒதுங்கினார். அங்கே 1803இல் அவர் எழுதிய கவிதையைப் படித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பிறந்து மூன்று நாளேயான குழந்தையின் பெயரையும், இறந்துபோன தாத்தாவின் பெயரையும் படைப்பட்டியலில் சேர்த்து, படைச்சேவைக்கு ஈடான வரியை அதிகாரிகள் கேட்டு, மாட்டையும் ஓட்டிச்சென்றுவிட்டார்கள். பிள்ளை பெற்றதால்தான் இந்தக் கதி என்று தகப்பன் கத்தியை எடுத்துத் தன் ஆண்குறியை அறுத்துக்கொள்கிறான். இரத்தம் சொட்ட அதை ஏந்திக்கொண்டு அரசு அலுவலக வாசலுக்கு ஓடும் மனைவியைக் காவலன் உள்ளே விடவில்லை.

பதினெட்டு ஆண்டு வனவாசத்தின் முடிவில், 1818இல், மக்களை ஆளும் அதிகாரிகளுக்கான 'மொங்மின் சிம்சோ' நூலை அவர் எழுதி முடித்தார். 'சிம்' என்றால் மனம். மக்களைப் பேணும் மனம் இருந்தும் அதைச் செயலில் காட்டத் தமக்கு வழியில்லாததால் அப்படிப் பெயரிட்டதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். பதவியேற்பதில் தொடங்கும் அந்நூல் பதவி நீங்குவதில் முடிகிறது. பழைய வண்டியும் மெலிந்த குதிரையுமாக ஊர் திரும்பும் நேர்மையான அதிகாரியை, எந்தப் பதவியும் இல்லாத அந்தக் கைதி அங்கே வியந்து வரைந்திருக்கிறார்.