காசு கேட்கிற அந்த "ஆன்" நான்தான்

நான் நெட்வொர்க் பார்த்துக்கொடுத்த கேபிள் இன்டர்நெட்காரர் என்னைப் பற்றிப் போட்டாரே, நேற்று ராத்திரியிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "ஃப்ரீ சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்துட்டு மாசாமாசம் காசு கேக்கான்" என்பதில் வருகிற அந்த "ஆன்" நான்தான். பெயரைப் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி.

சரி. நெட்வொர்க் பெட்டிகளைக் கண்காணிக்கிற அந்த சாஃப்ட்வேர், லிப்ரெஎன்எம்எஸ், இலவசம். யார் இல்லை என்றார்கள்? 2013-இல் அப்சர்வியம் என்ற இன்னொரு சாஃப்ட்வேரிலிருந்து பிரிந்து வந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு நான் ஒரு பைசா வாங்கியதில்லை. நான் கேட்டது அதைப் பார்த்துக்கொள்வதற்கான கூலி. சர்க்கார் விலையில்லா மாடு கொடுத்ததே, தினமும் புல் அறுத்துப் போட்டது யார்?

நிறுவுவது ஒரு மத்தியான வேலை. அது ஓடத் தேவையான உபுண்டு, மரியாடிபி, பிஎச்பி என்ற சாஃப்ட்வேர்கள், நடுவில் இரண்டு டீ. அப்புறம் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நெட்வொர்க் சுவிட்சிடமும் ரௌட்டரிடமும் ஃபைபர் லைன்கள் கிளம்புகிற ஓஎல்டி பெட்டியிடமும் போய், உயிரோடு இருக்கிறாயா, எந்தப் போர்ட்டில் எவ்வளவு ஓடுகிறது, சூடு எவ்வளவு என்று எஸ்என்எம்பி என்ற விசாரிப்பு பாஷையில் கேட்டு கிராஃபாகப் போட்டுவைக்கும். ஸ்கிரீன் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் "வேலை முடிஞ்சுல்லா" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

முடியவில்லை. அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

நான் போனபோது கேபிள்காரரின் எல்லாப் பெட்டியிலும், எஸ்என்எம்பிக்கு பாஸ்வேர்டு மாதிரியான கம்யூனிட்டி பெயர் கம்பெனியிலிருந்து வந்தபடியே "பப்ளிக்". வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போகிற கதை. சிலவற்றின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை போஸ்ட் போஸ்டாக ஏணி வைத்து ஏறினேன். அதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

இன்னொன்று. மெயின் லிங்க் கிராஃப் சாயங்காலம் ஆனால் படுத்துவிடும். ஊரே செல்போனில் வீடியோ பார்க்கிற நேரத்தில் ட்ராஃபிக்கே இல்லையாம். "உனக்க சாஃப்ட்வேர் பொய் சொல்லுகு" என்றார் கேபிள்காரர். பார்த்தால், யாரோ அந்த ரௌட்டரை எஸ்என்எம்பி வெர்ஷன் 1-இல் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அதில், ஓடுகிற டேட்டாவை எண்ணுகிற கவுண்டர் சின்னது, 32 பிட்தான். ஒரு ஜிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் அந்தக் கவுண்டர் 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நாம் எட்டிப்பார்ப்பதோ 300 விநாடிக்கு ஒருமுறை. கரண்ட் மீட்டர் பார்க்க ஆள் வருவதற்குள் மீட்டர் எட்டு தடவை முழுசாகச் சுற்றிவிட்டால் பில் எப்படி வரும்? வெர்ஷன் 2சிக்கு மாற்றி 64 பிட் கவுண்டரை எடுத்ததும் கிராஃப் நிமிர்ந்தது. மாற்றியது இரண்டு நிமிடம். கண்டுபிடித்தது இரண்டு ராத்திரி. இதில் எந்த இரண்டுக்குக் காசு என்று நீங்களே சொல்லுங்கள்.

"டாக்கர்ல பத்து நிமிஷத்துல போடலாமே ப்ரோ" என்று ஒரு தம்பி கமெண்ட்டில் வருவார். போடலாம் தம்பி, டாக்கர் என்றால் எல்லாம் கட்டிவைத்த ரெடிமேட் பொட்டலம்தானே. பதினோராவது நிமிடம் யார்? தானாக அப்டேட் ஆகிற சாமான்தான். ஒருநாள் பிஎச்பி பழசாகிவிட்டது என்று அப்டேட் பேசாமல் நின்றுகொள்ளும். கிராஃபுக்கான எண்களைச் சேர்த்துவைக்கிற ஆர்ஆர்டி கோப்பு பிறக்கும்போதே அளவு முடிவாகிவிடுவதால் வளராது. ஆனால் பெட்டிகள் அனுப்புகிற குறிப்புகள் சேர்கிற சிஸ்லாக் வளரும், வளர்ந்து டிஸ்க்கை அடைக்கும். காவல்காரன் மயங்கி விழுந்தால் விசில் ஊத ஆள் வேண்டாமா?

"எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தா வேற யாராவது பாத்துக்கிடுவாங்கல்லா" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். நான் எழுதிவைக்கவில்லை. அடுத்தது.

"எழுதினவனே சும்மா குடுக்கான், உனக்கென்ன?" இந்தக் கேள்விதான் உறைக்கிறது. இந்த ஆர்ஆர்டியை எழுதியவர் டோபியாஸ் ஓட்டிகர். 1995-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு யுனிவர்சிட்டிக்கு இருந்த ஒரே 64 கேபிபிஎஸ் லைன் ஏன் திணறுகிறது என்று காட்ட எம்ஆர்டிஜி என்ற கிராஃப் சாஃப்ட்வேரை எழுதினார், பிறகு இது. எழுதி உலகத்துக்கே சும்மா கொடுத்தார். கும்பிடலாம். ஆனால் தக்கலையில் மழையில் போஸ்ட் ஏற அவர் வர மாட்டார்.

போன வாரம் இடி விழுந்து எல்லாம் போனதற்கும் நான்தான் காரணமாம், "அலர்ட் வரலை". யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி மூன்று தடவை அலர்ட் போனது. ராத்திரி டிங் டிங் என்று அடித்துத் தூக்கம் கெடுகிறது, நிறுத்து என்று சொன்னது யார்? மெயின் நெட்வொர்க் சுவிட்ச் விழுந்தால் பின்னால் இருக்கிற முப்பதும் சேர்ந்து கத்தக்கூடாது என்று எதற்குப் பின்னால் எது என்று ஒவ்வொன்றாகக் கோத்துவைத்திருந்தேன். முப்பது வராது, ஒன்றே ஒன்றுதான் வரும் என்றேன். அந்த ஒன்றும் வேண்டாம் என்றார்கள்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அப்போது வேறு இடத்தில் வேலை. திருவட்டாறு, குலசேகரம், தக்கலை என்று ஒவ்வொன்றாகச் சிவந்து, கடைசியில் ஸ்கிரீனே அணைந்தது. வெளியே ரப்பர் மரம் முறிகிற சத்தம். கரண்ட் வர நாள்கணக்கானது. கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று நம் கடற்கரை ஊர்களில் இன்றும் சொல்வார்கள். அந்தத் துக்கத்தோடு சுவிட்சையும் கேபிளையும் சேர்த்துப் பேசக்கூடாது, தெரியும். ஆனால் அதற்குப் பிறகு யாராவது அலர்ட்டை நிறுத்து என்றால் எனக்கு அடிவயிறு கலங்கும். அவர்கள் சொன்னார்கள், நானும் நிறுத்தினேன். சண்டை போட்டிருக்க வேண்டும்.

காலையில் கேபிள்காரரிடமிருந்து பாஸ்வேர்டு கேட்டு மெசேஜ் வந்தது. அனுப்பிவிட்டேன். மத்தியானம் அங்கே வேலை பார்க்கிற பையன் கூப்பிட்டான். "எண்ணே, எல்லாம் செவப்பா கெடக்கு, எங்க அமுக்கணும்?" பாவம், ஏணி பிடித்தவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றிருக்கிறேன். காசு பேசவில்லை.

இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொள்ளலாம்.