"வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க"

எங்கள் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். "இனிமே இங்க செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது சரிதான், அதில் வருத்தமில்லை. அந்தப் 'பாத்துக்குங்க'வுக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாததுதான் கோபம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியும்தான். டயப்பர் மாற்ற வேண்டும், யூரின் பையைக் காலி செய்ய வேண்டும், புரையேறாமல் கஞ்சி ஊட்ட வேண்டும். மகன்களில் ஒருவர் துபாயில், ஒருவர் திருப்பூரில். அத்தனையையும் செய்தது திருப்பூர் அண்ணனின் மனைவி, எங்கள் மதினி. மூன்று மாதம் நூறு நாள் வேலைக்கும் போகவில்லை, நடவுக்கும் போகவில்லை. ஏஜென்சியில் ஆள் கேட்டோம். தங்கிப் பார்க்க மாதம் 24 ஆயிரம், சாப்பாடு தனி என்றார்கள். அண்ணனின் சம்பளமே அவ்வளவு கிடையாது.

வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைத்தார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வலியையும் அவஸ்தையையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. எங்கள் வீட்டுக்கும் ஒரு நர்ஸம்மா வந்தார். புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டார், மதினிக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தங்கமான மனுஷி. ஆனால் அவர் எத்தனை ஊரைத்தான் சுற்றுவார்? அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டால், மறுபடி வரும்வரை மதினிதான் நர்ஸ், மதினிதான் ஆயா.

முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. பெரியம்மாவின் ஆபரேஷன் அதில்தான் நடந்தது. உடம்பு துடைத்துவிட வரும் ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுக்க அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

நான் கேட்பது இதுதான். இன்னும் சில மாதம்தான் என்று அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், பயிற்சி பெற்ற ஒரு ஆளை தினம் நாலு மணி நேரமாவது இலவசமாக அனுப்ப வேண்டும். வருமானச் சான்று கேட்கக் கூடாது. அது கைக்கு வருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பராமரிப்புச் செலவு பொதுவாக அவரவர் தலையில்தான். அங்கேகூட, உடல்நிலை வேகமாக மோசமாகிக் கடைசிக் கட்டத்துக்குப் போகிறவருக்கு மருத்துவர் படிவம் எழுதிக் கொடுத்தால், சொத்துக் கணக்குப் பார்க்காமல் பொதுச் சுகாதாரச் சேவையே செலவை ஏற்கிறது. ஸ்காட்லாந்தில் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற உதவிகள் 65 வயது நிரம்பியவர்களுக்கு 2002இலேயே இலவசம். 2019இல் அதற்குக் குறைந்த வயதுள்ள, வயதுவந்த மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, செங்கோட்டையைத் தாண்டினால் போதும். கேரளம் 2008இலேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை அறிவித்து, பஞ்சாயத்துகளைப் பொறுப்பாக்கியது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டமும் அங்கே உண்டு. 600 ரூபாய் டயப்பருக்கே காணாது. ஆனாலும் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். நம் ஊரில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருவதே மகளிர் குழுப் பெண்கள்தான். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கொடுக்கலாம். 'ஒழுங்கான' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஊக்கத்தொகை என்ற பெயரில் கிள்ளிக் கொடுக்கிற கதை வேண்டாம்.

"பெத்தவங்களைப் பாக்க கவர்மெண்டா வரணும்?" என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். அண்ணே, நீங்கள் யாருக்காவது டயப்பர் மாற்றியிருக்கிறீர்களா? மாற்றிவிட்டு வந்து கேளுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர மனு எழுதியிருக்கிறேன். நேற்று மதினியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நாலு மணி நேரம்னு போட்டிருக்கியே, ராத்திரிக்கு யாரு?" என்றார்.

திருத்திக்கொண்டிருக்கிறேன்.