தலைக்கு 34.50 டாலர் தாங்க முடியாத சுமையா?

அமெரிக்க மாநிலமான அலாஸ்கா சுற்றுலாக் கப்பல் பயணிகளிடம் வாங்கும் வரி சுற்றுலாவைக் கெடுக்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2006ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த வரி அது. முதலில் தலைக்கு 46 டாலர். கப்பல் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்த பிறகு 2010ல் 34.50 டாலராகக் குறைத்துவிட்டார்கள். 250 படுக்கைகளுக்குக் குறைவான சிறு கப்பல்களுக்கு இது கிடையவே கிடையாது.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவைப் பாருங்கள். வெளியூரிலிருந்து சாலையே இல்லாத ஊர், மக்கள்தொகை சுமார் 32,000. 2023ல் அங்கே வந்த கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல்! வரியால் யாரும் பயந்து ஓடியதாகத் தெரியவில்லையே. அத்தனை பேர் வந்து இறங்கும்போது துறைமுகம், நடைபாதை, கழிப்பறை, குப்பை எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர்கள் மட்டும் எப்படிச் சமாளிப்பார்கள்? ஒரு கப்பல் நிற்கும் முதல் ஏழு துறைமுக ஊர்களுக்கு, பயணி ஒருவருக்கு 5 டாலர் வீதம் மாநிலம் பிரித்துக் கொடுக்கிறது. சரியான ஏற்பாடு என்பேன்.

ஆனால் ஒன்று. வசூலித்த பணத்தை நகராட்சி இஷ்டப்படி செலவழிக்க முடியாது. ஜூனோ தனியாக வாங்கிய கட்டணங்களை எதிர்த்துக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் 2016ல் வழக்குப் போட்டது. கப்பலுக்குப் பயன்படும் சேவைக்கே அந்தப் பணம் போக வேண்டும் என்று 2018ல் தீர்ப்பு வந்தது. கட்டுரையில் இந்த வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.