கத்தி வைத்திருந்தாலே சிறை: லண்டனில் இருந்து எதை எடுப்பது?

வாள்வெட்டுச் செய்தி ஒன்று வந்தால் போதும், கீழே வரிசையாக ஒரே கருத்து: “லண்டனில் கத்தியோடு பிடிபட்டாலே உள்ளே. இலங்கையிலும் அப்படிக் கொண்டுவர வேண்டும்.” அந்தச் சட்டத்தில் நாம் எடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லாரும் கேட்பது அதை அல்ல.

இங்கிலாந்தில் இதற்கு அடிப்படை 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு. அலகோ கூர்முனையோ உள்ள பொருளைப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். யாரையும் மிரட்டியிருக்கத் தேவையில்லை. மடக்கும் பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாதிருந்தால். விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு இந்த விலக்கு இல்லை. அலகு 2 அங்குலமாக இருந்தாலும் சரி. சாவிக்கொத்தில் தொங்கும் பல்பயன் கருவிகளில் பலர் மாட்டுவது இங்கேதான். வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று 2005இல் அங்கே தீர்ப்பு வந்திருக்கிறது. சிரிக்கலாம், ஆனால் சட்டம் அப்படி.

பிடிபட்டவர் ‘நல்ல காரணம்’ காட்டினால் தப்பலாம். தொழில், மதம், தேசிய உடை ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்லி ஏற்கிறது. சீக்கியர் மத அடையாளமாக அணியும் கிர்பான் கத்தி அப்படித்தான் தப்புகிறது. காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. சமையற்காரர் தன் கத்திகளைச் சுருட்டிவைத்த பையோடு வேலைக்குப் போகும் வழியில் பிரச்சினை இல்லை. வேலை முடிந்து அதே கத்தியை ஜாக்கெட்டில் போட்டுக்கொண்டு நண்பர்களோடு இரவில் சுற்றினால் அந்தக் காரணம் அங்கேயே செத்துவிடும். “மறந்துபோய்ப் பையில் இருந்தது” என்பது தனியே நின்று காப்பாற்றாது. “பாதுகாப்புக்கு வைத்திருந்தேன்” என்பதைவிட மோசமான பதில் இல்லை. 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ், காயப்படுத்தும் நோக்கத்தோடு ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்ட அந்த வாக்குமூலத்தையே பயன்படுத்தலாம்.

பிள்ளையைப் படிக்க அனுப்புகிற வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சமையல் கத்தியை அங்கே வாங்கினால் பொதி பிரிக்காமல், பற்றுச்சீட்டோடு, நேரே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தெருவில் நிற்கும் கார் டாஷ்போர்டுக்குள் கிடக்கும் கத்தியும் பொது இடத்தில் இருப்பதுதான்.

தண்டனைக்கு வருவோம். உச்சம் 4 ஆண்டு. 2015 ஜூலைக்குப் பிறகு, இரண்டாம் முறை பிடிபடும் வயதுவந்தவருக்கு ஆகக் குறைந்தது 6 மாதச் சிறை. முன்பு, குற்றத்தின் அல்லது குற்றவாளியின் குறிப்பிட்ட சூழ்நிலையால் அது அநீதியாகும் என்று நீதிபதி கருதினால் குறைக்கலாம். 2022இல் அதை ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்று இறுக்கினார்கள். இங்கே எல்லாரும் கேட்பது இந்த ஆறு மாதத்தைத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நம் தண்டனைச் சட்டக்கோவை கத்தியைப் பயன்படுத்தியவரைக் கவனிக்கத்தான் செய்கிறது: ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தால் 315ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை, கொடுங்காயமென்றால் 317இல் 10 ஆண்டு வரை. ஆகக் குறைந்த தண்டனை என்ற யோசனையோ இங்கே ஏற்கெனவே அடிவாங்கியது. 2008இல் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் இருந்து வந்த பாலியல் வழக்கொன்றில், சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நீதித்துறை அதிகாரம், கொடூரத் தண்டனைக்குத் தடை, சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) உறுப்புரைகளோடு அது மோதுகிறது என்பது காரணம். இன்னொரு சிக்கல், குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றத்துக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுக்க முடியாது. அப்போது 19 வயதுப் பையன் ஒருவன் வெலிக்கடைச் சிறைக்குத்தான் போவான், அங்கே யாரோடு பழகிவிட்டு வெளியே வருவான் என்பது புதுக்கடை நீதிமன்றங்களில் நிற்கும் எந்தச் சட்டத்தரணிக்கும் தெரியும்.

எடுக்க வேண்டியது 139இன் வரைவு: எது கத்தி, எத்தனை அங்குலம், எங்கே, என்ன காரணம். நிரூபிக்கும் பொறுப்பைச் சந்தேகநபர் மேல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நம் அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரையின் காப்புவாசகம், குறிப்பிட்ட சில விடயங்களை நிரூபிக்கும் சுமையைச் சட்டத்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல் வைக்க இடம் தருகிறது.

ஆனால் இது கொழும்பு. காலிமுகத்திடலில் தெம்பிலி வெட்டுபவரிடம் கத்தி, மீன் வெட்டுபவரிடம் மன்னாக் கத்தி, த்ரீவீலர் இருக்கைக்கு அடியில் டயர் ரப்பர் அறுக்க ஒன்று. ‘தொழில்’ என்று மட்டும் எழுதினால் இரவு 11 மணிக்குச் சோதனைச் சாவடியில் எல்லாரும் மீன் வெட்டுபவர்தான். தொழிலோடு நேரமும் வழியும் பொருந்த வேண்டும் என்று வாசகத்திலேயே இருக்க வேண்டும். தெம்பிலிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும் பாதை அதற்குள் அடங்க வேண்டும். அவர் கத்தியோடு பாருக்குப் போவது அடங்கக் கூடாது.

வழக்கு நிற்பதும் விழுவதும் பொலிஸ் குறிப்புப் புத்தகத்தில்தான். பிடிபட்ட அந்த நிமிடம் அவர் சொன்ன முதல் விளக்கம், அவர் பேசிய மொழியில், நேரத்தோடு எழுதப்பட வேண்டும். அலகின் நீளம் அளவுகோல் வைத்த படமாக இருக்க வேண்டும். கத்தி அங்கேயே முத்திரையிடப்பட வேண்டும். தமிழில் சொன்ன காரணத்தைச் சிங்களத்தில் சுருக்கி எழுதி, விளங்காத தாளில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் தொடர்ந்தால், ‘நல்ல காரணம்’ இருந்தவர்தான் முதலில் உள்ளே போவார்.