அண்ணனைக் கஞ்சன் என்று எழுதியவர்களுக்கு

மூன்று நாளாக எழுத வேண்டாம், எழுத வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி மதினி போன் செய்து அழுத பிறகு முடியவில்லை. அண்ணன் விஷயம் இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை, துபாயில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவர், அவருக்கு மாரடைப்பு வந்தது, ஆஸ்பத்திரியில் அவர் கிடக்கிற படத்தைப் போட்டு ஒரு தம்பி முகநூலில் பதிவு எழுதினான். அந்தப் பதிவுக்குக் கீழே வந்த கருத்துகளைப் பற்றித்தான் பேச வேண்டும். "நெஞ்சு வலியோடு இரண்டு நாள் வேலைக்குப் போனானாம், பணப்பேய்." "ஆஸ்பத்திரிக்கு நூறு திர்ஹம் கொடுக்க மனசு வராத கஞ்சன், இப்போது ஊரெல்லாம் வசூல்." "படிக்காதவன் புத்தி." இதற்கெல்லாம் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் பார்த்தேன்.

அவர் கஞ்சன் இல்லை. பயந்தார். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், அவர் பயந்தார்.

அன்று ராத்திரி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் நான். இரண்டே முக்கால் மணி இருக்கும். துபாய் அல் குசைஸ் பகுதியில் எங்கள் ரூமில் ஆறு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். கண் விழித்துப் பார்த்தால் அண்ணன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். ஏசி ஓடுகிறது, எல்லோரும் போர்வைக்குள், அவர் பனியன் மட்டும் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இடது கையால் மேல் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தார். வலது கையில் போன். "என்னண்ணே" என்றேன். "வாயுப் பிடிப்புதான் தம்பி, நீ தூங்கு, உனக்குக் காலையில் டியூட்டி" என்றார். காலடியில் ஓமத்தண்ணீர் குடித்த டம்ளர். பனடால் அட்டையில் இரண்டு மாத்திரை மிச்சம். மதினிக்குக் கூப்பிடப் பார்க்கிறாரோ என்று நினைத்துப் போனை வாங்கினேன். திறந்திருந்தது இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய ஆஸ்பத்திரிப் பட்டியல். பக்கம் பக்கமாக எறும்பு மாதிரி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். நம் கார்டு எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சை அடைக்கிறபோது.

உயிர் மேல் அக்கறை இல்லாதவன் செய்கிற வேலையா அது? பணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் செய்கிற வேலையா?

உடனே சிலர் கேட்பீர்கள், கேட்டும் இருக்கிறீர்கள்: "துபாயில் இன்சூரன்ஸ் கட்டாயம் ஆச்சே, கம்பெனிதானே கட்டுகிறது, அப்புறம் என்ன பயம்?" கட்டாயம்தான். அபுதாபியில் அதற்கு முன்பே வந்துவிட்டது, துபாயில் 2013-இல் சட்டம் போட்டுப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், ஷார்ஜா, அஜ்மான் பக்கம் 2025 ஜனவரியில்தான் வந்தது. நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. எங்களைப் போல 4,000 திர்ஹத்துக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அடிப்படைத் திட்டம் ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு 1,50,000 திர்ஹம் வரை கொடுக்கும். காகிதத்தில் பார்த்தால் பெரிய தொகை. ஆனால் கார்டு என்றால் எல்லாக் கார்டும் ஒரே கார்டு இல்லை என்பது இங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். எங்கள் கார்டை வைத்துக்கொண்டு நேராக இதய டாக்டரிடம் போக முடியாது. முதலில் பட்டியலில் உள்ள கிளினிக்கில் பொது டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த டாக்டர். ஸ்கேன் என்றால் இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து அப்ரூவல், அதாவது அனுமதி, வர வேண்டும். நம் பங்கு என்று ஒன்று கையிலிருந்து கட்ட வேண்டும். ரூமுக்கு எதிரிலேயே ஏழு மாடிக்குக் கண்ணாடி போட்ட ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, ராத்திரியெல்லாம் அதன் வெளிச்சம் எங்கள் ஜன்னலில் விழும். எங்கள் கார்டு அங்கே செல்லாது.

நான் அனுபவப்பட்டுத்தான் பேசுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் ராத்திரி எனக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. வந்தவர்களுக்குத் தெரியும், நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. அண்ணன்தான் என்னைத் தோளில் தாங்கி டாக்ஸியில் ஏற்றினார். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் கவுண்டரில் இருந்த பெண் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கார்டு" என்றாள். பார்த்தாள். "நாட் இன் நெட்வொர்க்" என்றாள். அவ்வளவுதான். இரண்டாவது இடத்தில் கார்டு சென்றது, எமிரேட்ஸ் ஐடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு ஊசி போட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஸ்கேனுக்கு அப்ரூவல் கேட்டிருக்கிறோம், காத்திருங்கள் என்றார்கள். ஊசியின் வேகம் அடங்கி வலி திரும்பவும் கிளம்பிவிட்டது, அப்ரூவல் கிளம்பவில்லை. அண்ணன் கவுண்டருக்கும் எனக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் "சிஸ்டர், மை பிரதர், வெரி பெயின்" என்று நான் கேட்க எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார். காலை ஏழு மணிக்கு அப்ரூவல் வந்தது. என் பங்குக்குக் கட்ட வேண்டிய காசு குறைந்தபோது தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டியவர் அவர். அந்த மனுஷனைத்தான் கஞ்சன் என்கிறீர்கள்.

ஒரு தடவை "எங்கே வலிக்கிறது" என்பதற்கு முன்னால் "எந்தக் கார்டு" என்று கேட்கப்பட்டவன், அடுத்த தடவை வலி வந்தால் முதலில் கார்டைத்தான் நினைப்பான். அண்ணனுக்கு இது ஒரு தடவை இல்லை. 2011-இல், இன்சூரன்ஸ் கட்டாயம் ஆகாத காலத்தில், டைபாய்டு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருக்கிறார். மூவாயிரத்து நானூறு திர்ஹம். அன்றைக்கு அவர் சம்பளம் ஆயிரத்து இருநூறு. ரூமில் ஐந்து பேரிடம் கடன் வாங்கிக் கட்டி, அதை அடைக்க ஒரு வருஷம் ஆனது, அந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. அதே வருஷம்தான் அவர் அப்பா இறந்தார். இந்தக் கணக்கெல்லாம் அவர் நெஞ்சுக்குள் இருந்தது, அடைத்தது அதுவும் சேர்ந்துதான்.

"அவசரம் என்றால் 998-க்கு அடிக்க வேண்டியதுதானே?" சரி, இந்தக் கேள்வி நியாயம். அடித்தோம், நான்தான் அடித்தேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே யாரும் கவுண்டரில் நிறுத்தவில்லை, நேராக உள்ளே கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். திருவல்லாவோ கோட்டயமோ, ஒரு மலையாளி சிஸ்டர், டியூட்டி முடிந்த பிறகும் நின்று எங்களிடம் பாதித் தமிழில் விவரம் சொல்லிவிட்டுப் போனார். அவர் நன்றாக இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அப்ரூவலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று விதியே இருக்கிறது, தெரியும். ஆனால் இது வாயுவா, மாரடைப்பா என்று ராத்திரி இரண்டே முக்காலுக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு யார் முடிவு பண்ணுவது? வாயுவாக இருந்து போய்விட்டால் அத்தனை பரிசோதனைக்கும் யார் பணம்? டாக்டருக்கே ஈசிஜி பார்த்தால்தான் தெரிகிற விஷயத்தை, மொட்டை மாடியில் ஏசி மெஷின் கழற்றி மாட்டுகிறவர் தன் கையால் நெஞ்சைத் தடவிப் பார்த்து முடிவு பண்ண வேண்டியிருந்தது.

"இரண்டு நாள் லீவு போட்டிருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார், ஊரில் அரசு வேலையில் இருக்கிறவர். சார், இங்கேயும் லீவு உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம், அதற்கு மேல் 45 நாள் சம்பளம் இல்லாமல். சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும், சர்டிபிகேட்டுக்கு கிளினிக் போக வேண்டும், கிளினிக்கில் திரும்பவும் அந்தக் கவுண்டர். எல்லாவற்றையும் தாண்டி ஒரு பயம் இருக்கிறது, அது எந்தச் சட்டத்திலும் இல்லை: ரிப்போர்ட்டில் "ஹார்ட்" என்று எழுதிவிட்டால் கம்பெனி அடுத்த தடவை விசா அடிக்குமா? அடிக்கலாம், அடிக்காமல் போகலாம். அண்ணன் கம்பெனி அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஐம்பத்தோரு வயதில், மகள் பிளஸ் டூ படிக்கும்போது, அதைச் சோதித்துப் பார்க்கத் தைரியம் வராது என்றுதான் சொல்கிறேன். விசா புதுப்பிக்கும்போது ரத்தம் எடுக்கிறார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை தடவை அந்த நெஞ்சைப் படம் எடுத்திருப்பார்கள்! அதெல்லாம் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க. அந்த நெஞ்சுக்குள் என்ன அடைக்கிறது என்று பார்க்க இல்லை.

படிக்காதவன் புத்தி என்று எழுதிய தம்பிக்குத் தனியாக ஒன்று. நீ எஞ்சினியர், உன் கம்பெனி கொடுத்திருக்கிற கார்டில் உனக்கு, மனைவிக்கு, குழந்தைக்கு, பல்லுக்கு, கண்ணுக்கு எல்லாம் இருக்கிறது, நேராகப் பெரிய டாக்டரிடம் போகிறாய். போ, சந்தோஷம். ஆனால் உன் துபாயும் எங்கள் துபாயும் ஒரே ஊர் என்று நினைத்து எழுதாதே.

அப்புறம் வழக்கமான வசனம்: "நம்ம ஊர் தனியார் ஆஸ்பத்திரி மட்டும் யோக்கியமா? அங்கேயும் பணம் கட்டினால்தானே உள்ளே விடுகிறான்." உண்மை. இதையும் பட்டிருக்கிறேன். போன வருஷம் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தம்பி சாதாரண வார்டு போதும் என்கிறான், கவுண்டரில் "பெரியவருக்கு எத்தனை பையன், எங்கே இருக்காங்க" என்று கேட்கிறார்கள். "மூத்தவர் துபாய்" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு ஏசி ரூம், டீலக்ஸ், ஐந்து நாளில் முடிய வேண்டியது ஒன்பது நாள். இங்கே கார்டைப் பார்க்கிறார்கள், அங்கே பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊரில் கையில் காசு இல்லை என்றால் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, 108 இருக்கிறது, நகையைக் கழற்றிக் கொடுக்க ஒரு அக்கா இருக்கிறாள், ஐசியூ வாசலில் துண்டை விரித்துப் படுத்துக் கிடக்க ஒரு மச்சான் இருக்கிறான். இங்கே அண்ணன் பதினொரு நாள் ஐசியூவிலும் வார்டிலும் இருந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஷிப்ட் மாற்றி மாற்றிப் போய் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பார்த்தோம். மற்ற இருபத்து மூன்றரை மணி நேரம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே "எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார். குடும்பத்தை அழைத்து வர 4,000 சம்பளம் வேண்டும், தங்குமிடம் கம்பெனி கொடுத்தால் 3,000. அவருக்கு 2,600.

"இவ்வளவு கஷ்டம் என்றால் வந்துவிட வேண்டியதுதானே" என்று எழுதுவதற்கு விரல் துடிக்கும். வந்துவிட்டாரே! போன வியாழக்கிழமை வீல்சேரில் ஏற்றி அனுப்பினோம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது கொண்டுவந்த பெட்டியை விடச் சின்னப் பெட்டி. வந்துவிடு, வந்துவிடு என்கிறவர்கள், வந்த பிறகு அவர் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? மாசா மாசம் ஐம்பது திர்ஹம் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியவர். ஊர்த் திருவிழாவுக்கு, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போன் செய்தபோது ஒரு தடவையாவது இல்லை என்று சொன்னாரா? அப்போதெல்லாம் "நம்ம துபாய்க்காரர்". இப்போது மாத்திரைக்கு நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் "வசூல்". எனக்கு இதுதான் தாங்கவில்லை. உண்மையாகவே தாங்கவில்லை.

வசூல் என்று சொன்னீர்களே, கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரூமில் இருக்கிற ஐந்து பேரும், அவர் வேலை பார்த்த கட்டடங்களின் வாட்ச்மேன்கள் மூன்று பேரும், கீழே மளிகைக் கடை வைத்திருக்கிற மலையாளி சேட்டனும் போட்ட பணம். ஆஸ்பத்திரியில் அவர் பங்கு, டிக்கெட், ஊரில் ஆறு மாத மாத்திரை. முகநூலில் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசாங்கத்தின் காப்பீடு, பிரவாசி பாரதீய பீமா யோஜனா இருக்கிறதே என்று கேட்ட நண்பருக்கு: நல்ல எண்ணத்தில் கேட்டீர்கள், நன்றி. அதில் கொடுக்கிற 10 லட்சம் ரூபாய் விபத்தில் இறந்தால், நிரந்தர ஊனம் ஆனால். மாரடைப்பு அந்தக் கணக்கில் வராது.

என் ரூமில் இருக்கிறவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசிவிட்டேன். கார்டின் பின்னால் உள்ள நம்பரை எல்லோர் போனிலும் போட்டாயிற்று. எந்த ஆஸ்பத்திரி செல்லும் என்று மூன்று பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். 998-ஐ அதற்கும் மேலே. நெஞ்சு வலி என்றால் பட்டியல் பார்க்காதே, அடி. உங்கள் ரூமிலும் ஒட்டுங்கள். அண்ணனைத் திட்டுவதற்குச் செலவழித்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம்.

கடைசியாக, அந்தப் பதிவைப் போட்ட தம்பிக்கு. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டைக்கு வரவில்லை, கேட்டுக்கொள்கிறேன். மூக்கில் குழாயோடு அவர் கிடக்கிற அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடு. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பெண் அதை அனுப்பி, "இது உங்க அப்பாதானே" என்று அவர் மகளிடம் கேட்டிருக்கிறாள். அவள் கீழே இருந்த கருத்துகள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள், நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அவர் போனை மதினி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.